குமுளியிலிருந்து வந்த வாசகி

பொறாமைப்படுவதற்குச் சகலையைப் போல வசதியான உறவு வேறு கிடையாது. உடன்பிறந்தவர்மேல் பொறாமைப்பட்டால் பெற்றோர் கண்டிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்மேல் பொறாமைப்பட்டால் மதிலை உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம். மனைவியின் தங்கை கணவர் விஷயம் அப்படியில்லை. மாமியார் வீட்டில் இருவருக்கும் ஒரே கரை வேட்டி, ஒரே அளவு இலை, ஒரே எண்ணிக்கையில் வடை. யாரும் வாய்திறந்து ஒப்பிட வேண்டியதில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

என் சகலை முருகேசனுக்குப் பழனிசெட்டிபட்டியில் மோட்டார், சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை. எனக்குத் தேனியில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் நூலின் கனத்தை அளந்து, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று குறித்து வைப்பேன். (“நம்ம சகல ஆபீஸ்லயும் நூலு, வீட்லயும் நூலு” என்று ஒரு வளைகாப்பில் முருகேசன் சொன்னதற்குக் கூட்டமே சிரித்தது. அதே சிலேடையை நான் தக்க சமயம் பார்த்துப் பல வருடங்களாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.)

கடை அவருக்கு, கார் அவருக்கு, மாமியாரின் சிரிப்பு அவருக்கு. புத்தகம் மட்டும் எனக்கு. இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் பற்றி டைரியில் எழுதி வைப்பவன் நான். திருமணமான நாளிலிருந்து என் மனைவி செல்வி அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதையும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவள் ஒன்றை முடித்து மேசையில் வைத்ததும் அலமாரிமுன் போய் நிற்பேன். ஒன்றை இழுப்பேன், யோசிப்பேன், உள்ளே தள்ளுவேன், வேறொன்றை இழுப்பேன். செல்வி காத்திருப்பாள். ஆலையில் என் முடிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை. வீட்டில் அந்த இரண்டு நிமிடம் நான் ஒரு நீதிபதி.

ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது செல்வி நான் கொடுக்காத ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

“இது எங்கேருந்து?”

“மீனா குடுத்தா. மாப்பிள்ள போன்ல எழுதியிருந்தாகள்ல, அதப் பாத்துட்டு ஆசையா இருந்துச்சு.”

“எந்த மாப்பிள்ளை?”

“நமக்கு எத்தன மாப்பிள்ள இருக்காக? முருகேசன்தான். புத்தகத்தப் பத்தி எழுத ஏதோ தளம் ஆரம்பிச்சிருக்காக. உங்களுக்குச் சொல்லலயா?”

சொல்லவில்லை. அன்று மாலையே பார்த்தேன். தளத்தின் பெயர் ‘படிச்சேன்’. அவ்வளவுதான் பெயர். பதிப்பாண்டு இல்லை, பக்க எண்ணிக்கை இல்லை, வகைப்பிரிவு இல்லை. செல்வி கையில் இருந்த நாவலைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: “முதல் அம்பது பக்கம் வெறும் காத்துதான் வரும். புது போர்ல மோட்டார் போட்ட மாதிரி கடகடன்னு சத்தம் மட்டும் கேக்கும். நிப்பாட்டிறாதீக. அப்புறம் தண்ணி பீச்சியடிக்கும், சட்டையெல்லாம் நனைஞ்சிரும்.”

அதே நாவலைப் பற்றி என் டைரியில் நான் எழுதியிருந்தது: “தொடக்கம் தொய்வு. பிற்பகுதி விறுவிறுப்பு. மொத்தத்தில் நன்று.”

இரண்டையும் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையதில் பிழை எதுவும் இல்லை. என் எரிச்சலுக்குக் காரணமும் அதுதான்.

அந்தத் தளத்தின் அடியில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கு. காலையில் பார்த்ததைவிட மத்தியானம் அது கூடியிருந்தது. மத்தியானத்தைவிட மாலையில் கூடியிருந்தது. எந்நேரம் எட்டிப் பார்த்தாலும் ஒருவராவது அதிகமாகியிருந்தார். ஊரே திரண்டு அங்கே போகிறது, என்னைத் தவிர எல்லோரும் நனைகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நானும் ஒரு தளம் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் மகள் கயல் கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். கட்டுமான வேலை அவளுடையது, விதிமுறைகள் என்னுடையவை. பெயர் ‘வாசிப்புத் திசைகாட்டி’. உள்ளே வருகிறவர் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், அவர் இதுவரை கேள்விப்படாத, ஆனால் அவருக்கென்றே எழுதப்பட்டது போன்ற ஒரு புத்தகத்தைத் தளம் எடுத்துக் கொடுக்கும். சில கேள்விகள் என்றா சொன்னேன்? ‘துயர முடிவைத் தாங்கும் திறன்: குறைவு, நடுத்தரம், அதிகம்.’ ‘கதையில் மழை வருவது உங்களுக்கு: பிடிக்கும், பிடிக்காது, பொருட்படுத்துவதில்லை.’ ‘நான்கு கதாபாத்திரங்களுக்கு மேல் பெயர் நினைவிருக்குமா?’ இப்படி மூன்று பக்கம். செல்வியை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே போனை என் கையில் திணித்துவிட்டாள்.

“ரேஷன் கார்டுக்குக்கூட இம்புட்டு கேக்க மாட்டாக.”

கயல் ஒரு யோசனை சொன்னாள். “அப்பா, நீங்க எத்தன விதி போட்டாலும் ஆளுக கடைசில எத அமுக்குறாங்களோ, அதுதான் அவங்களுக்கு நெசமாவே பிடிச்சது. அதையும் தளம் கவனிக்கட்டும். வாரவாரம் ஞாயித்துக்கிழம காலைல கணக்குப் பாத்து, அதிகம் பேர் போன இடத்த மேல கொண்டுவரட்டும். நாம திறந்துவைக்கிற ஞாயித்துக்கிழமயிலேருந்து அது ஓடட்டும்.”

சரி என்றேன். அறிவியல்பூர்வமாக இருந்தது.

தளத்தின் கடைசியில், நடுநிலைமைக்காக, ‘பிற தளங்கள்’ என்று ஒரு பகுதி வைத்தேன். அதில் முருகேசன் தளத்தின் இணைப்பையும் சேர்த்தேன். சேர்க்காவிட்டால் செல்வி கேட்பாள். கடைசி வரியில், சின்ன எழுத்தில் சேர்த்தேன். அதில் எனக்கும் ஒரு வசதி இருந்தது. என் போனைச் செல்வியும் எடுத்துப் பார்ப்பாள். அடிக்கடி போகும் இடங்களைப் போன் முதல் பக்கத்திலேயே வரிசையாகக் காட்டித் தொலைக்கும். சகலையின் தளம் அங்கே பல்லிளித்துக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா? ஆகவே முதலில் என் தளத்துக்குள் போவேன். அடியில் உள்ள இணைப்பை அமுக்கி அங்கிருந்து அவர் தளத்துக்குப் போவேன். (கொல்லைப்புறமாக வெளியேறி அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி.) மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை, ஆலை விட்டதும் ஒருமுறை. மனசு சரியில்லாத நாளில் நடுவிலும் சில முறை.

இதற்கிடையில் முருகேசன் தன் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் புதிதாக ஒரு வரி எழுத ஆரம்பித்தார். ‘தினமும் தவறாமல் வந்து போகும் அந்த வாசகிக்கு என் வணக்கம்.’

வாசகி! எனக்கு இருந்த புகைச்சல் போதாதென்று இது வேறு. முப்பது வருடம் படித்த எனக்கு ஒரு வாசகர்கூட வாய்க்கவில்லை. குழாய் விற்கிறவருக்கு வாசகி.

எனக்கு முன்னால் இன்னொருவர் எரிந்துகொண்டிருந்தார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. செல்வியின் தங்கை மீனா வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, யாரோ ஒருத்தி தெனம் அவுக எழுதுறதப் படிக்க வாராளாம். எந்த ஊருலேருந்து வாராகன்னு பாக்க ஒரு வசதி இருக்குல்ல, அதுல குமுளின்னு காட்டுதாம். மத்தியானம் ஒருவாட்டி, சாயங்காலம் நாலரைக்கு மேல ஒருவாட்டி. ‘பள்ளிக்கூட நேரம் பாத்து வாராக, டீச்சராத்தான் இருக்கணும்’னு இவுகளே முடிவு பண்ணிக்கிட்டாக. ஏலத்தோட்டத்துப் பக்கம் தனியா இருக்காகளாம்! அதயும் இவுகதான் சொல்றாக.”

“பேசினாகளா?” என்றாள் செல்வி.

“பேசல. ஆனா இப்ப எழுத உக்காந்தா தல சீவிக்கிட்டுல்ல உக்காருறாக!”

செல்வி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கதவருகே நின்றபடி, அந்த டீச்சர் என் தளத்தை ஒருமுறை பார்த்தால் போதும், அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தேன். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். திரை கட்டி, தளத்தைப் பெரிதாகக் காட்ட ஏற்பாடு செய்தேன். ராயப்பன்பட்டியிலிருந்து மரிய ஜோசப் ஐயாவை அழைத்தேன். திராட்சைத் தோட்டக்காரர். கொடிக்கு மருந்தடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் படிப்பவர். அவர் நன்றாயிருக்கிறது என்று சொன்னால் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் அந்தப் பேச்சு போய்விடும். செல்வி முன்வரிசையில் இருந்து அதைக் கேட்க வேண்டும் என்பது என் திட்டத்தின் முக்கியமான அங்கம். சகலையும் கேட்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான அங்கம்.

சால்வையும் வாங்கினேன். விழா நாயகனுக்குப் போர்த்தும் சால்வையை விழா நாயகனே முன்கூட்டி வாங்கிச் செயலாளரிடம் ரகசியமாகக் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. மூன்று கடை ஏறி இறங்கி, என் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று கருநீலத்தில் தங்க நிறக் கரை போட்டதைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தேன். செல்வி உள்ளே வந்ததும் துண்டை மடிப்பது போல மடித்துவிட்டேன்.

விழாவன்று கூடம் நிறைந்திருந்தது. (விழா முடிந்து பொங்கலும் வடையும் உண்டு என்று அழைப்பில் போட்டிருந்தேன்.) தளத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். “மனம் போன போக்கில் எழுதுவது வேறு, முறையாக வழிகாட்டுவது வேறு” என்று சொல்லும்போது முருகேசனைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டேன். அவர் மட்டும் எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மரிய ஜோசப் ஐயா மடிக்கணினி முன் உட்கார்ந்தார். மூன்று பக்கக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கூட்டம் திரையைப் பார்த்தது. திரையில் பெரிய எழுத்தில் வந்தது:

‘உங்களுக்கு மிகவும் ஏற்றது: முருகேசன் எழுதும் “படிச்சேன்”.’

“இதென்ன, புத்தகம் வரும்னீக?” என்றார் ஐயா.

ஏதோ தவறு, மீண்டும் பார்க்கலாம் என்றேன். செயலாளர் உட்கார்ந்தார். அவருக்குத் துயர முடிவும் மழையும் பிடிக்காது. முருகேசன். ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டும் பிடிக்கும். முருகேசன். செல்வி தானாகவே எழுந்து வந்து, கேள்விகளைப் படிக்காமலே கண்டபடி அமுக்கினாள். முருகேசன். கூட்டம் ஒவ்வொரு முறையும் அவர் பெயரைச் சேர்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது, தேர்தல் முடிவு அறிவிப்பது போல.

கடைசியில் முருகேசனையே பிடித்துத் தள்ளி உட்காரவைத்தார்கள். அவருக்கும் முருகேசன்.

கூடத்தில் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. அப்போது மரிய ஜோசப் ஐயா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சிரிக்காதீக. நானும் எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கேன். தன் கையால ஒண்ணக் கட்டி, அதுல தன்னப் பத்தி ஒரு வார்த்த போடாம, இன்னொருத்தர உச்சியில தூக்கி வச்ச மனுசன நான் பாத்ததில்ல. அதுவும் சகலைய!”

கைதட்டல் அதிர்ந்தது. முருகேசன் கண் கலங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சகல, என்னைய இம்புட்டு உசரத்துல வச்சிருக்கீகன்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். எனக்கும்தான் தெரியாது.

செயலாளர் சால்வையோடு மேடைக்கு வந்தார். கருநீலம், தங்க நிறக் கரை. என்னை நோக்கி வந்தவர் பாதியில் நின்று, “பெரிய மனசுக்காரரு கையாலயே போடட்டும்” என்று அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிய சால்வையை, நானே பிரித்து, நானே முருகேசன் தோளில் போர்த்தினேன். அவர் நிறத்துக்கும் அது எடுப்பாகத்தான் இருந்தது.

முன்வரிசையில் செல்வி மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் கெட்ட பெயர் இல்லை. கொஞ்ச நாள் பெருந்தன்மையானவனாக உலவியிருக்கலாம். ஆனால் அன்று மத்தியானச் சாப்பாடு சின்னமனூரில் மாமியார் வீட்டில். முருகேசனின் காரிலேயே கிளம்பினோம். அவர் சால்வையைக் கழற்றாமலே ஓட்டினார். நான் பக்கத்தில். அக்காளும் தங்கையும் பின்னால். வீரபாண்டி தாண்டியதும் என் போன் அடித்தது. அது செல்வி மடியில் இருந்தது. கயல்தான். செல்வி காரில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“அப்பா, அம்மா சொன்னதும் உக்காந்து பாத்தேன். தளத்துல தப்பு ஒண்ணும் இல்லப்பா. நாம சொன்னபடிதான் வேல செஞ்சிருக்கு. விழாவுக்கு முன்னாடி உள்ள வந்த ஆளு ஒவ்வொரு தடவையும் மத்த எதையும் தொடாம, நேரா அடியில போய்ச் சித்தப்பா தளத்த அமுக்கியிருக்காரு. அதான் எல்லாருக்கும் அதையே காட்டுது.”

“யாருடி அது?” என்றாள் செல்வி. அவளுக்குப் பதில் தெரியும் என்பது குரலிலேயே தெரிந்தது.

“யாருன்னா… எல்லாமே ஒரே போன்தான்மா. இப்ப நீங்க பேசிக்கிட்டிருக்கீங்கள்ல, அந்த போன்.”

“சிக்னல் சரியில்ல, வச்சிரு” என்றேன் நான்.

“நல்லாக் கேக்குதுங்க” என்றாள் செல்வி.

முருகேசன் காரை ஓரம்கட்டினார். ஓர் இளநீர் வண்டிக்கு எதிரே. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

“சகல, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலயா வருவீக?”

“ஆமாம்.”

“அப்புறம் சாயங்காலம்? நாலரைக்கு மேல?”

“அப்போதுதான் எங்களுக்கு ஷிப்ட் முடியும்.”

“போன மாசம் ஒருநாள் ஒம்பது வாட்டி வந்தாக…”

“அன்றைக்கு உங்கள் பதிவு நன்றாக இருந்தது” என்றேன். அந்த நாளில் யாரும் கேட்காமல் நான் சொன்ன ஒரே உண்மை அது.

பின்னால் உட்கார்ந்திருந்த மீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் போட்ட கூச்சலில் இளநீர்க்காரர் அரிவாளோடு திரும்பிப் பார்த்தார்.

“ஆத்தாடி! அத்தான், நீங்கதானா அந்தப் பொம்பள!”

அப்புறம் அவளால் பேச முடியவில்லை. பல வாரமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சிரிப்பாக வந்தது. செல்வியின் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். “ஏலத்தோட்டத்துல தனியா இருக்காகளாம்!” என்று நடுநடுவே சொல்லிக்கொண்டாள்.

“அப்ப குமுளின்னு காட்டுச்சே?” என்று முருகேசன் பரிதாபமாகக் கேட்டார். போனில் இன்னும் கயல் இருந்தாள். “அது சும்மா குத்துமதிப்பா காட்டும் சித்தப்பா. தேனில இருந்தா சில நேரம் எல்லைக்கு அந்தப் பக்கம்னு சொல்லும்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“சகல, ஒண்ணு சொல்றேன். மொதல்ல நாலஞ்சு பேரு வந்தாக. எல்லாம் கடைக்கு வாரவுக, கடன் சொல்லி வாங்குறவுக. அப்புறம் ஒருத்தரும் வரல. நமக்கு எதுக்கு இந்த வேலைன்னு மூடிறலாம்னு இருந்தேன். அப்பத்தான் இந்த டீச்சர் வர ஆரம்பிச்சாக. ஒருத்தராச்சும் விடாமப் படிக்காகளேன்னு, அவுகளுக்காகத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எட்டிப் பார்த்த போதெல்லாம் கூடியிருந்த அந்த எண், நான் எட்டிப் பார்த்ததால் கூடியது. ஊரே அங்கே போகவில்லை. நான்தான் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தேன். என் வயிற்றெரிச்சலைத் தின்றுதான் அந்தத் தளம் உயிர் வாழ்ந்திருந்தது. நான் ஒரு வாரம் சும்மா இருந்திருந்தால் அவர் கடையை மூடியிருப்பார். செல்வி மறுபடி என் அலமாரிமுன் வந்து நின்றிருப்பாள்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றாள் பின்னாலிருந்து செல்வி. இப்போது அவள் சிரிக்கவில்லை. “நீங்க குடுக்குற புத்தகம் எல்லாம் நல்ல புத்தகம்தான். ஆனா முடிச்சதும் கேள்வி கேப்பீக. எந்த எடம் பிடிச்சது, ஏன் பிடிச்சது, முடிவு சரியான்னு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே இருக்கும். மாப்பிள்ள எழுதுனது அப்படி இல்ல. அவ்வளவுதான்.”

மூன்று பக்கக் கேள்விகள் என் கண்முன் வந்து போயின. முருகேசன் இறங்கிப் போய் நான்கு இளநீர் வாங்கி வந்தார். முதல் காயை என்னிடம் நீட்டி, “டீச்சர், எடுத்துக்கோங்க” என்றார்.

அந்தப் பெயர் நாங்கள் சின்னமனூர் போய்ச் சேரும் முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. (மீனா போன் செய்துவிட்டாள்.) வாசலில் மாமியார், “வாங்க டீச்சர்” என்றார். எனக்கு அவர் அப்படிச் சிரித்து வரவேற்பு கொடுத்தது அதுவே முதல் தடவை.

‘வாசிப்புத் திசைகாட்டி’ இப்போதும் இருக்கிறது. கேள்விகளை எடுத்துவிட்டோம். புத்தகங்களைத் தேடி எடுத்துத் தருவது என் வேலை, அவற்றைப் பற்றி எழுதுவது முருகேசன் வேலை. இரண்டு தளமும் ஒன்றாகிவிட்டன. நாள்தோறும் யாராவது வருகிறார்கள், மெய்யாகவே. செல்வி மறுபடியும் ஒரு புத்தகத்தை முடித்ததும் மேசைமேல் வைக்கிறாள், நான் அலமாரிமுன் போய் நிற்கிறேன். ஒரே நிபந்தனை, முடித்தபின் நான் வாய்திறக்கக் கூடாது. சில நாள் அவளே ஏதாவது சொல்வாள். சொல்லும்வரை பொறுத்திருப்பது ஆலையில் நூல் அளப்பதைவிடக் கடினம்.

போன தீபாவளிக்கு மாமியார் வீட்டில் வழக்கம்போல் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒரே கரை வேட்டி, ஒரே அளவு இலை. முருகேசன் சாப்பிட்டுக்கொண்டே, “சகல, சொல்ல மறந்துட்டேன். மதுரைலேருந்து ஒருத்தர் தெனம் வாராக. என் பதிவு ஒண்ணு விடாமப் படிக்காக” என்றார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?” என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட வேகம்தான் தவறு. பந்தி முழுவதும் ஒரு கணம் கை நின்றது. அப்புறம் மீனா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மாமியார் வடைத் தட்டோடு என் இலைமுன் குனிந்தார்.

“டீச்சருக்குப் பொறுக்கல. இந்தாங்க, உங்களுக்கு ஒண்ணு கூடவே வைக்கிறேன்.”

இத்தனை வருடத்தில் முருகேசனைவிட எனக்கு ஒரு வடை அதிகம் விழுந்தது அன்றைக்குத்தான். அவர் என் இலையை ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.